நடுரோட்டில் நின்றுவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு, சைகோனிலிருந்து லுவா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஓட்டலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கைபிடித்துச் சாலையைக் கடக்க வைப்பதும் என் வேலைதான். "மெதுவா நடந்துகிட்டே இருங்க, நிக்காதீங்க, பின்வாங்காதீங்க. வண்டிங்க தானா விலகிப் போயிடும்" என்பேன்.

நேற்று என் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, "இந்த ஊர்ல யாருமே நிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். கால் எழவில்லை.

"சாகணும்னா வேற ரோட்டைப் பாரு தாயி!" என்று ஒரு மோட்டார்சைக்கிள்காரர் கத்தினார். அந்தப் பெண்மணிதான் என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் சேர்ந்த பிறகும் நான் அவர் கையை விடவில்லை. வேடிக்கைதான், இல்லையா?

விரால் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். நம் ஊருக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றும் எழுதுங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். அம்மா, நான் பின்வாங்கட்டுமா?

லுவா