வாய்க்கால் கட்டுக்குள் ஒரு பங்கர்

பரந்தன்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை பின்நேரம்.

என் அன்பு மகள் கஜனிக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிர் நாட்டில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கப் புளியம்பொக்கணை நாகதம்பிரானை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். மனதுக்கும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போன் எடுத்தால் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்துவிடுவார், அவர் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. வழக்கம் போல எழுதின ஒற்றைகளைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

நாலு நாளாக விடாத மழை. இன்று காலையில் இருந்துதான் கொஞ்சம் விட்டிருக்கிறது, இரவைக்குத் திரும்பப் பிடிக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்தாயிற்று, வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் அதன் மண்கட்டின் உச்சிக்கு ஒரு முழம் குறைய ஓடுகிறது. நீ போன மாதம் அனுப்பிய படங்களைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். உங்கள் நகரத்து நடுவால் போகிற அந்தப் பழைய கால்வாய், எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தினது என்று எழுதியிருந்தாய். தண்ணீர் மட்டத்தில் துறை, துறைக்குப் பின்னால் செங்கல்லால் வளைத்துக் கட்டின நிலவறைகள், அதற்கு மேலே தெரு, தெருவில் கார். அந்தக் காலத்து யாவாரிகள் வள்ளத்தில் வந்த சாமானை நேரே நிலவறைக்குள் இறக்கினார்களாம், இப்போது அதற்குள் கடை வைத்திருக்கிறார்களாம், நீ உள்ளே இருந்து கோப்பி குடிக்கிற படமும் இருந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தெருவுக்குக் கீழை கோறையா வைச்சுக்கொண்டு எப்பிடித்தான் நித்திரை கொள்ளுறாங்களோ என்று சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார். நீயோ, நிலவறை இருக்கிறது பயமில்லை அம்மா, வளைவு பாரத்தைத் தாங்கும், யாரோ ஒரு காலத்தில் வாசலை அடைத்துவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் போன நிலவறைகள்தான் பயம், வரைபடத்தில் இல்லாததால் அதற்கு மேலே லொறி விடுகிறார்கள், அதைத்தான் நாங்கள் படிப்புக்காகத் தட்டித் தட்டித் தேடுகிறோம் என்று எழுதியிருந்தாய். எங்கள் வாய்க்காலிலும் அப்படி ஒன்று இருக்கிறது பிள்ளை. வாசலை அடைத்தது நாங்கள்.

எங்கள் வாய்க்கால் கட்டின விதம் உன் பாடத்தில் வராது, நான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் குளத்தைக் கட்டினவர்கள் தண்ணீர் நிலத்தின் சரிவோடு மெதுவாகப் போக வேண்டும் என்று வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள். மேட்டுப் பக்கம் கட்டே இல்லை, நிலம்தான் கரை. பள்ளப் பக்கம் மட்டும்தான் கட்டு, முழுப் பாரமும் அதில்தான். அதையும் ஒரேயடியாகக் கொட்டிக் குவிக்கவில்லை, ஒரு சாண் களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, மொங்கானால் இடித்து, அதற்கு மேல் அடுத்த சாண். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தக் கட்டை வெட்டிப் பார்த்தவள் நான். இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் ஷெல் கிட்ட விழத் தொடங்கினபோது எல்லோரும் வளவுக்குள் பங்கர் வெட்டினார்கள், எங்கள் வளவில் இரண்டு முழம் போக முதல் ஊற்று வந்துவிட்டது. உயரமான காய்ந்த மண் என்றால் கட்டு ஒன்றுதான். பள்ளப் பக்கத்தில் இருந்து அப்பா அலவாங்கால் குத்திக் கிளப்ப நான் மண் அள்ளினேன். வெட்டின சுவரில் அந்தச் சாண் சாணான அடுக்குகள் வெட்டி வைத்த பாண் மாதிரித் தனித்தனியாகத் தெரிந்தன, ஒரு பிடி மண் உதிரவில்லை. மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண் மூடினோம். உனக்கு ஆறு வயது. ஷெல் கூவுகிற நேரமெல்லாம் நீ மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே இருக்கிற குற்றிகளை எண்ணுவாய். பிள்ளை எண்ணப் பழகுகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன், எவ்வளவு மடைச்சி.

இடம்பெயரும்போது தையல் மெஷினையும் குத்துவிளக்கையும் உள்ளே வைத்து வாசலை அடைத்துவிட்டு தருமபுரம், உடையார்கட்டு என்று போனோம், மிச்சம் உனக்குத் தெரியும். சண்டை முடிந்து திரும்பி வந்து சாமானை எடுத்தோம். குழியை நிரப்ப மூன்று நாலு உழவு இயந்திரப் பெட்டி மண் வேண்டும், எங்களிடம் இருந்தது கூரைக்கு ஒரு தறப்பாளும் இரண்டு சட்டியும். வாசலில் மட்டும் மண்ணைப் போட்டு மிதித்துப் புல்லை நட்டுவிட்டோம். பிறகு வாய்க்காலைத் திருத்த வந்தவர்கள், வாய்க்கால் கட்டுக்குள்ளை ஆர் ஆர் பங்கர் வெட்டினனீங்கள், சொல்லுங்கோ, மூடித் தாறம் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அந்தக் கிழமைதான் அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பேப்பர் செயலகத்தில் கிடந்தது, கட்டை வெட்டினவைக்கு வீடு இல்லையாம் என்று ஒரு கதை ஊருக்குள் அடிபட்டது. அப்பா என்னைப் பார்த்தார். எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா என்று சொன்னது நான்தான். நாலு வீடு தள்ளி இருக்கிற வீரபாகு அண்ணை உண்மையைச் சொன்னார், அவருடைய குழியைப் பெக்கோ மெஷின் வந்து அரை நாளில் நிரப்பியது, வீடும் அவருக்குத்தான் எங்களுக்கு முதல் வந்தது. எங்கள் குழி இருந்த இடத்தில் உட்பக்கச் சரிவுக்குக் கொங்கிறீட் பூசிவிட்டுப் போனார்கள். குற்றிகள் உள்ளே கிடந்து இத்தனை வருஷமாக உக்குகின்றன.

முந்தநாள் கட்டுக்குக் கீழ் வீட்டு வீரையா மாமா, வடிவம்மாவின் மகன் நிஷாந்தன் கட்டுக்கு மேலால் சைக்கிளில் வரும்போது முன்சில்லு ஒரு சாண் இறங்கிவிட்டது. எலிப் பொந்தாக்கும் என்று ஒரு கடகம் கிரவல் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனான். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், சரியாக அந்த இடம். கீழே சரிவில் புல்லு ஊறிப்போய்க் கிடக்கிறது, கையை வைத்தால் உள்ளே இருந்து கசிகிறது. அதற்கு நேரே கீழே இருபது அடியில்தான் வடிவம்மாவின் வீடு, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு உடையார்கட்டு வரைக்கும் நடந்தாரே வீரையா மாமா, அவருடைய வீடு. அவர்களுடைய மகள் சுமித்திரா பிள்ளை பெற்று இன்றைக்கு இருபத்திரண்டு நாள். அப்பாவிடம் சொன்னேன். பதினைஞ்சு வருஷம் நிண்ட கட்டு இண்டைக்கோ போகப்போகுது, வாயை மூடிக்கொண்டு இரு என்று சத்தம் போட்டார். சத்தம் போட்ட மனுஷன்தான் விடிய எழும்பிக் குடையோடு அந்த இடத்தில் போய் நிற்கிறார், கேட்கிறவர்களுக்குக் கட்டு உறுதி என்கிறார், சோற்றை அளைந்துவிட்டு எழும்புகிறார். வயல் செய்கிற கமக்காரர் அமைப்புக்குத் தலைவரல்லவா, கட்டை ஒரு முழம் செதுக்கி வாழை வைத்ததற்காகப் போன வருஷம் வீரையாவைக் கூட்டத்தில் எழுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தவர், இப்போது எந்த முகத்தோடு சொல்வார். எனக்குப் பொறுக்கவில்லை. பச்சை உடம்புக்காரி ஈரத்தில் கிடக்கக் கூடாது என்று மழையைச் சாட்டி நேற்று சுமித்திராவையும் குழந்தையையும் வடிவம்மாவையும் வாய்க்காலுக்கு இக்கரையில் மேட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன், நிஷாந்தன் சாமான்களைக் கொண்டுவந்து தந்தான். குழந்தை உன் கட்டிலில்தான் படுக்கிறது. வடிவம்மா குசினிக்குள் என் கையைப் பிடித்து, கூடப் பொறந்தவகூட இப்பிடிப் பாக்க மாட்டாக்கா என்கிறாள். வீரையா மட்டும் வரவில்லை. ஆடு கோழி இருக்கு, கட்டு உறுதின்னு தலைவரே சொல்லிட்டாரு, நான் எதுக்கு வரணும் என்றாராம். அப்பாவின் வார்த்தையை நம்பி அந்த மனுஷன் அங்கே படுத்திருக்கிறார் கஜனி.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். கடைசி வரி வரைக்கும் வாசித்தார். எனக்கு வாயாலை சொல்ல வராது, இதைக் கொண்டுபோய் வீரையாவுக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு வாறன் என்று ஒற்றைகளைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் மதகடியில் நின்று பார்த்தேன். வீரையா ஆட்டுக்கொட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார், நடுவில் ஒருதரம் தலையில் கை வைத்தார். பிறகு வீரையா போய் ஆடுகளை அவிழ்த்தார், அப்பா கோழிக்கூட்டைத் தூக்கினார். எங்கள் படலைக்குள் வரும்போதும் வீரையா அப்பாவோடு கதைக்கவில்லை, என்னோடும் இல்லை, நேரே போய்ப் பேரப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். வடிவம்மாவுக்கும் சொல்லியிருப்பார், அவள் அதற்குப் பிறகு குசினிப் பக்கம் வரவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா நீர்ப்பாசனக் கந்தோருக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். குளத்தில் தண்ணீர் விடுகிற துருசுக் கதவைப் பூட்டித் தண்ணீரைக் குறைக்கிறார்களாம், மண்மூட்டையோடு ஆட்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் குழி கட்டுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாமல் மேலே ஆளை ஏற்ற முடியாது என்கிறார்கள். அப்பா எட்டடி என்கிறார், நான் பன்னிரண்டு என்கிறேன், பயத்தில் வெட்டினவர்களுக்கு அளவு எங்கே ஞாபகம் இருக்கிறது. ஒரு குற்றி ஒரு அடி அகலம், அது மட்டும் இரண்டு பேருக்கும் நிச்சயம். மழை திரும்பத் தூறத் தொடங்கிவிட்டது. உனக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன், வகுப்பில் இருப்பாய் போல, நீ எடுக்கவில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன்.

நாகதம்பிரான் உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும், நல்லாய்ப் படித்து, நல்லவளாக, எங்களை விடத் துணிந்தவளாக இரு. அந்த நிலவறைக் கடையில் கோப்பி குடிப்பதென்றால் வாசலோரத்துக் கதிரையில் இரு, உள்ளே போகாதே. வீரையா மாமாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. அதெல்லாம் பிறகு. இதை வாசித்த உடனே ஒன்றை மட்டும் சொல்லு பிள்ளை. நீ எண்ணினது எத்தனை குற்றி?

போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்
உன் அம்மா
சிவனேஸ்வரி