தட்டில் மிஞ்சிய வெற்றிலை

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. கரண்ட் இல்லை, அதனால் நகரியில் தறிச் சத்தமும் இல்லை. திருப்பதி கோச்சிங் சென்டருக்கான மொழிபெயர்ப்பு ஆரம்பம். பாடம்: ஐரோப்பிய ஒன்றியம் கூடி முடிவெடுப்பது எப்படி. இருபத்தேழு நாடுகள். வெளியுறவு, வரி போன்றவற்றில் ஒரு நாடு மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். படிக்கவே எரிச்சல். எங்கள் நெசவாளர் சங்கம் மாதிரியே.

நாளை: நைனாவுக்கு பிபி மாத்திரை. சங்க மினிட்ஸ் நோட்டுக்கு அட்டை.

ஜூலை 8, செவ்வாய்

பக்கம் 14 வரை முடிந்தது. மற்ற விஷயங்களுக்குப் பெரும்பான்மை முறை: ஐம்பத்தைந்து சதவீத நாடுகள், அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையில் அறுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும். போதும். எவ்வளவு சுலபம்!

எங்களுக்கு ஏழு தெரு, தெருவுக்கு ஒரு ஆள், தட்டில் ஏழு வெற்றிலை. சம்மதிப்பவர் ஒன்றை எடுப்பார். ஒன்று மிஞ்சினாலும் தீர்மானம் இல்லை. சாயத் தண்ணீருக்குக் கால்வாய் வெட்டும் விஷயம் இப்படியே மூன்று வருஷமாகத் தொங்குகிறது. வெற்றிலையை எடுக்காதவர் ஏழாம் தெரு முனிரத்தினம் மாமா. அது பள்ளத்துத் தெரு. சங்கத் தலைவர் என் நைனா. மாமா அம்மாவின் தம்பி. நைனா வாயே திறப்பதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம். மினிட்ஸ் எழுதப் போனவள் பேசிவிட்டேன். ஐரோப்பாக் கதை முழுக்க. ஆறு தெரு சேர்ந்தால் ஜனத்தொகையும் தேறுகிறது என்றேன். நாலாம் தெருக்காரர் "பாகா செப்பாவம்மா" என்று தெலுங்கில் பாராட்டினார். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

மாமா: "தண்ணி எங்க போயி நிக்கும்னு சொல்லிட்டு ஓட்டு போடுங்க. எங்க கெணத்தாண்டதானே?"

நான்: "ஒருத்தருக்காக ஆறு தெரு காத்துக்கினு இருக்க முடியுமா மாமா?"

"நீ படிச்ச பொண்ணு. எனக்கு இன்னா தெரியும்."

ஒரு வெற்றிலை தட்டிலேயே கிடந்தது. 'நிறைவேறியது' என்று எழுதியது நான்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று நல்ல மழை. புதுக் கால்வாய் கரை தளும்ப ஓடியது. எங்கள் தெருவில் நாற்றம் போயே போச்சு. ஏழாம் தெருக் கிணறு ஊதா நிறம் என்று பால்காரர் சொன்னார். போய்ப் பார்க்கவில்லை. பயம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போனேன். மாமாவின் மனைவி அமுதா அத்தை குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். "பாரு சரளா. இத வெச்சி எப்பிடி சோறாக்கித் துன்றது?" குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. மாமா உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை. அத்தை காபி கொடுத்தாள். எந்தத் தெருவிலிருந்து சுமந்த தண்ணீரோ.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒரு மாதமாகக் கிடப்பில் கிடந்த மொழிபெயர்ப்பை இன்றுதான் மறுபடி எடுத்தேன். பக்கம் 15. பெரும்பான்மை இருந்தாலும் அவர்கள் உடனே வாக்கெடுப்பதில்லையாம். மறுக்கும் நாட்டோடு பேசிப் பேசி, முடிந்தவரை எல்லோரையும் சம்மதிக்க வைத்துத்தான் முடிக்கப் பார்ப்பார்களாம். ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம் புரட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போயிருக்கலாம். என்ன அவசரம் எனக்கு?

என் அபிப்பிராயம்: மற்றதற்குப் பெரும்பான்மை சரி. யார் கிணறோ, அதில் அவர்களுக்கு மறுக்கும் உரிமை வேண்டும். ஜூலையில் தோன்றவில்லையே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தூறல். சங்கக் கூட்டம். கால்வாயை அடைக்கச் சொல்லிக் கேட்பது, எல்லோர் முன்னாலும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்பது. இரண்டையும் எழுதியே எடுத்துப் போனேன். நைனா ஏழு வெற்றிலை வைத்தார். மாமா வரவில்லை. அத்தை வந்தாள், உட்காரவில்லை.

"அண்ணா, எங்க தெரு இனிமே சங்கத்துல இல்ல. சொல்லிட்டு வரச் சொன்னாரு."

நைனா பதறிப்போனார். "எல்லாரையும் கேக்காம எப்பிடிம்மா போவறது?"

அத்தை என்னைப் பார்த்தாள். "அதயும் சரளாவயே கேளுங்க."

பக்கம் 16, நேற்றுதான் முடித்தேன். சேருவதற்கு எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும். விலகுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

சொன்னேன். நைனா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கீழே வைத்தார்.

மினிட்ஸில்: தெருக்கள், ஆறு.