மலை ரயில் கூவியபோது அப்பா திரும்பவில்லை

சேசு மரி சூசை துணை

வடக்குப்பட்டு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெனிட்டாவுக்கு, அம்மா ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை டெனிசனும் எப்படி இருக்கிறீர்கள், உன் உடம்பு கொஞ்சமாவது தேறியதா. நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வாரம் ரெண்டு தடவை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ பயப்படாதே, பயம் எல்லாம் எனக்குத்தான். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ அங்கே நர்ஸ் டியூட்டியில் வார்டில் நிற்பாய். அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை பொறுமையாகப் படி.

ஆயுத பூஜை லீவில், அப்பாவோடு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் குடும்பமாக வேன் வைத்து ஊட்டிக்குப் போனோம். அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் இருந்த கோதண்டம் அண்ணன்தான் ஏற்பாடு. மேட்டுப்பாளையத்தில் வேனை விட்டுவிட்டு மலை ரயில் ஏறினோம். அந்த வண்டியை என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது பெனி, முன்பெட்டியில் கொடியோடு ஒருவர் வழியைப் பார்த்துக்கொண்டே வருகிறார். பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம். நான் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு அதெல்லாம் இல்லை, தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக ஒரு இரும்பு ஓடுகிறது, அதில் சக்கரம் கடித்துக்கொண்டுதான் வண்டி ஏறுகிறது என்று எல்லாருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் மெஷினோடு இருந்த மனுஷன், சும்மா வருவாரா.

நடுக்காட்டில் ஒரு ஸ்டேஷனில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி டீ குடித்தோம், கூவினதும் ஏறிவிட்டோம். அப்பா முன்பெட்டியில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வண்டி ஒரு அடி நகர்ந்து குலுக்கலோடு நின்றது. என்ன என்று தலையை நீட்டிப் பார்த்தால், முன்னால் தண்டவாளத்திலேயே நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அப்பா அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, கொடிக்காரர் பார்த்து நிறுத்திவிட்டார். அவர் கத்துகிறார், என்ஜின் விடாமல் கூவுகிறது, மலை முழுக்க அதிர்கிறது, மரத்திலிருந்த குரங்கெல்லாம் ஓடுகிறது. அப்பா திரும்பவில்லை. பெட்டியில் யாரோ, பெரியவருக்குக் கொழுப்பப் பாரு என்று சிரித்தார்கள். கோதண்டம் அண்ணன்தான் குதித்து ஓடினார். அவர் கூப்பிடவே இல்லை. சுற்றிக்கொண்டு அப்பா கண்ணுக்கு முன்னால் போய் நின்று, ரெண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினார், ஷாப்பில் மெஷினை நிறுத்தச் சொல்லும் சைகை அது. அப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார் பெனி. தனக்குப் பின்னால் ஒரு ரயிலே நிற்கிறது என்று தெரியாமல் சிரித்தார்.

வண்டி கிளம்பினதும் ஒரு குகைக்குள் நுழைந்தது. எல்லாரும் ஓ என்று கூச்சல். அது அடங்கினதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், உங்களுக்குக் காது கேக்கலையா என்று அந்த இருட்டில் கேட்டேன். பதில் இல்லை. வெளிச்சத்துக்கு வந்ததும் அதே குரலில் அதையே கேட்டேன். என் வாயைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கோதண்டம் அண்ணன் சொன்னார், அவுருக்கு அஞ்சாறு வருசமாவே கேக்காதும்மா, உனுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன், ஷாப்ல அந்தச் சத்தத்துல நாங்க எல்லாருமே கையாலதானே பேசிக்குவோம், அங்க ஒரு வித்தியாசமும் தெரியல என்று. அஞ்சாறு வருஷம் பெனி. ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. டிவியை அலற விடுகிறார் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. குழந்தை தங்கவில்லை என்று நீ ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் அப்பாவுக்குத்தான் போன் செய்தாய். சரிம்மா, சந்தோஷம், நல்லா இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார். எனக்கு நீ முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கே, இனிமே அவர்கிட்ட போனைக் குடுக்காதம்மா என்றாய். நானும் உன் பக்கம் நின்றேன். பெற்ற பிள்ளை துக்கம் சொன்னால் சந்தோஷம் என்கிறாரே, இவர் மனுஷனா என்று நாலு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சோறு போட்டேன். முகத்தைத் திருப்பினதால் நான் பேசினதும் அவருக்குக் கேட்கவில்லை. எதற்குக் கோபம் என்றே தெரியாமல் இருந்திருக்கிறார். போனில் யார் என்ன சொன்னாலும் இதே நாலு வார்த்தையைத்தான் சொல்லிச் சமாளித்திருக்கிறார் பெனி. நீ சொன்னது அவர் காதில் விழவே இல்லை. உன் விஷயம் தெரிந்து கல்லாக இருக்கிறார் என்று நினைத்து நானும் அதை வாய்விட்டுப் பேசவில்லை.

ஊட்டிப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, முகத்துக்கு நேராக எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷம்னா சொன்னேன் என்று மூன்று தடவை கேட்டார். அவ்வளவு பேருக்கு நடுவில் குழந்தை மாதிரி அழுதார். யாரிடமும் சொல்லாதே, காது கேக்காதவன குடோன் கேட்டுல வாட்ச்மேனா நிக்க வெக்க மாட்டான், வேலை போயிடும் என்றவர், கொஞ்சம் பொறுத்து, பாப்பாவுக்கு மட்டும் எழுதிடு என்றார்.

பெனி, என் பயம் இன்னும் முடியவில்லை. இப்பவும் தினம் பைக்கில்தான் ஒரகடம் குடோன் வேலைக்குப் போகிறார். அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரி எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். அங்கே கொடி பிடிக்க ஒருவரும் இல்லை, கோதண்டம் அண்ணனும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு பைக் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை. சாவியைக் கேட்டால், இத்தினி வருசம் ஓட்டலையா என்கிறார். காது மெஷின் வைக்கலாம் என்றால் எழுந்து போய்விடுகிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ எழுதினால் கேட்பார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். அவர் மேல் உனக்குக் கோபம் மிச்சம் இருந்தால் அதையும் எழுது, தப்பில்லை.

நீ சத்தாகச் சாப்பிடு, நைட் டியூட்டியைக் குறைத்துக் கேள். மாதா உன் மடியை நிறைப்பாள், உங்கள் ரெண்டு பேரையும் கைவிட மாட்டாள். ஒன்றை மட்டும் மறக்காதே. பஸ்ஸுக்கு இருட்டில் நடந்துகொண்டே போன் பண்ணாதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு, முகத்தை போனுக்கு நேராக வைத்து, வீடியோவில் கூப்பிடு. மெதுவாகப் பேசு. அன்றைக்குச் சொன்னதை அவரிடம் இன்னொரு தடவை சொல்லு கண்ணு, இந்தத் தடவை உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் குரலுக்காகவும் ஆறு மணிக்காகவும் காத்திருக்கும்
உன் அம்மா,
கிரேசி இருதயசாமி