ஹெர் இஞ்சாருங்கோவின் பலகை

இஞ்சாருங்கோ,

எங்கே இருந்தாலும் இந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். கணவனைப் பெயர் சொல்லாமல் 'இங்கே பாருங்கள்' என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. இனிமேலா உங்கள் பெயரைச் சொல்லப்போகிறேன்?

ஒரு செய்தி. உங்கள் பலகையைக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதேங்கோ, இரவல்தான்.

ஆட்டிறைச்சி வெட்ட நல்ல பலகை இல்லை என்று நான் நச்சரித்தது நினைவிருக்கிறதா? 'ஹாக்பிரெட், இலவசம்' என்று இணையத்தில் கண்டதும் டுசல்டோர்ஃப் நகரில் ஆற்றின் மறுகரைக்கு ஓடினீர்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் கொத்தும் பலகையையும் குறிக்கும், கம்பிகளைத் தட்டி வாசிக்கும் ஒரு வாத்தியத்தையும் குறிக்கும். நீங்கள் தூக்கி வந்தது வாத்தியத்தை.

"இதில எப்பிடியப்பா இறைச்சி வெட்டுறது?"

"கம்பியைக் கழட்டினாச் சரிதானே!"

நல்லவேளை, மேல்வீட்டு லின் அக்கா படியில் கண்டுவிட்டார். "இது எங்கள் யாங்சின்னுக்குச் சொந்தக்காரன்!" என்று துள்ளினார். யாங்சின், சீனாவில் அவர் சின்ன வயதிலிருந்தே வாசித்த வாத்தியம். மேற்கேயிருந்து கப்பலேறிப் போனதாம். 'கடல் கடந்து வந்த வாத்தியம்' என்றுதான் முதலில் பெயராம். பிறகு உச்சரிப்பை அப்படியே விட்டு, எழுத்தை மட்டும் மாற்றி உள்ளூராக்கிக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"அப்ப என்ர பேரிலயும் ஒரு எழுத்தை மாத்தி என்னையும் உள்ளூராக்கிவிடச் சொல்லும். குடியுரிமைக் கந்தோரில நாள் குறிச்சு டெர்மின் எடுத்தெடுத்துக் களைச்சுப்போனன்."

எழுத்தல்ல, பெயரே மாறியது. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் உங்கள் பெயர் என்று நம்பி, 'திரு'வுக்கான ஜெர்மன் 'ஹெர்'ரையும் முன்னால் சேர்த்து, லின் அக்கா உங்களை 'ஹெர் இஞ்சாருங்கோ' ஆக்கிவிட்டார். திருத்தப் போன என்னைக் கண்ணால் தடுத்தீர்கள். எனக்கு வெட்கம், உங்களுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

நீங்கள் போனபின் பலகையைத் துணியால் மூடிவைத்தேன். நீங்கள் வாசிக்கப் பழகி, கடைசியாகக் கட்டிய சுதி அதில் இருந்தது. அது இருக்கும்வரை நீங்களும் வீட்டில் இருப்பதாக ஒரு நினைப்பு. யாரையும் தொட விடவில்லை.

போன மாதம் லின் அக்காவின் யாங்சின்னில் மரம் வெடித்து விரிசல் விழுந்தது. சீனப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு உங்களுடையதைக் கேட்டார். தங்கள் குழுவுக்கு ஏற்பச் சுதியை மாற்ற வேண்டும் என்றும், எனக்கு மனமில்லாவிட்டால் வேண்டாம் என்றும் சொன்னார். மறுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று துணியை விலக்கித் தட்டினேன். கம்பிகள் தாமாகவே இறங்கியிருந்தன. உங்கள் சுதி அங்கே இல்லை. இத்தனை பத்திரமாக எதை மூடிவைத்திருந்தேன்?

நன்றாக அழுதேன். பிறகு, "ஓம், கொண்டுபோங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

நிகழ்ச்சியன்று முன்வரிசையில் எனக்கு இடம் வைத்திருந்தார். மூங்கில் குச்சிகளை எடுக்கும் முன் ஒலிவாங்கியில் சொன்னார்: "இந்த வாத்தியத்தைத் தந்தவர் ஹெர் இஞ்சாருங்கோ." மண்டபமே கைதட்டியது. சீனரும் ஜெர்மன்காரரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். நான் மட்டும் கூப்பிட்ட பெயர். அத்தனை பேர் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தீர்களா?

நான் திருத்தவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் இருந்தேன்.

இனிமேல் அதற்குத் துணி போடமாட்டேன். யார் கேட்டாலும் போய் வாசித்துவிட்டு வரட்டும். இறைச்சிக்கு வேறு பலகை வாங்கிவிட்டேன், பயப்படாதேங்கோ.

என்றும் உங்கள் மனைவி,
ஃபிராவ் இஞ்சாருங்கோ