முனியாண்டிக்கு விட்ட சேவல்

வெள்ளிக்கிழமை, இரவு.

கை இன்னும் எரிகிறது. தம்பி மகன் கவினை அறைந்துவிட்டேன்.

போன வருடம் அவனுக்கு டெங்கி வந்தபோது, பிள்ளை பிழைக்கட்டும் என்று முனியாண்டி கோயிலில் ஒரு சேவலை நேர்ந்து விட்டேன். சாமிக்கு உயிரோடு விட்டதை எங்கள் தோட்டக் குடியிருப்பில் யாரும் தொடமாட்டார்கள். இன்று செம்பனைக் காட்டில் கூட்டாளிகளோடு அதைத் துரத்தித் துரத்திக் கல்லாலேயே அடித்துக் கொன்றுவிட்டான். திருநீறு பூசாமல் பள்ளிக்கூடம் போகாத நெற்றியில் ரத்தத்தைப் பூசிக்கொண்டு சிரிக்கிறான்!

"உன் உசுருக்காக விட்ட சேவல்டா அது!"

"கோழிதானே லா அத்தை. இன்னொண்ணு வாங்கி விடுங்க."

அறைந்தேன். அவன் அழவில்லை. கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நாளைக்கு விளக்கேற்றப் போகணும். சேவல் எங்கே என்று முனியாண்டி கேட்டால், நாய் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வேன். சாமியிடமே பொய் சொல்ல வைத்துவிட்டான், படுபாவி.