அசிஸ்தே

புதுச்சேரி
20-6-1960

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அப்பா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். மண்டியில் மணிலாக்கொட்டை விலைக்கு மட்டும்தான் சுகமில்லை. நீ மார்சேயில் இறங்கும்போது இந்தக் கடிதம் கைக்கு வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பழைய காலத்துக் கல் நாடகக் கொட்டகையைப் பார்க்க வகுப்புப் பெண்களையெல்லாம் பள்ளிக்கூடத்து மதர் கடல் தாண்டி இழுத்துக்கொண்டு போகவேண்டுமா என்று அம்மா இன்னும் முனகுகிறாள். அனுப்பியது நான், என்னைத்தான் முனகுகிறாள்.

உனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை, சாரத்து முருகையன் சைக்கிளில் வந்து விசாரித்தார். வாத்தியார் அல்லவா, கப்பல் போகிற வழியைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தே காட்டிவிட்டார். ஆவணியில் முகூர்த்தம் வைக்க விழுப்புரத்திலிருந்து அவர் பெரியப்பா கன்னியப்பன் வருகிறார். தகப்பன் இல்லாத பிள்ளை. அங்கே பெரியப்பா சொல்தான் சட்டம்.

வேளைக்குச் சாப்பிடு.

வைத்திலிங்கம்


ஒராஞ்ச்
11-7-1960

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நாடகம் பார்த்தோம். மேடைக்குப் பின்னால் மலை மாதிரி ஒரே சுவர். திரையும் இல்லை, கூரையும் இல்லை. ராஜா வேஷக்காரர் தனக்குத்தானே முணுமுணுத்தது உச்சிப்படியில் இருந்த எங்களுக்குக் கேட்டது. கல்லில் உட்கார்ந்து இடுப்பு போனதும் நிஜம்.

வாத்தியாரிடம் சொல்லுங்கள். எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வா என்று கேட்டிருந்தார். இரண்டு பேருக்காகத்தான் பார்த்தேன். அதை அப்படியே சொல்லவேண்டாம். பாதியை விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அமிர்தம்


புதுச்சேரி
19-7-1960

அமிர்தத்துக்கு,

ஒரு சங்கடம். என் வாயால் வந்தது.

கன்னியப்பன் வந்தார். பெண் எங்கே என்றார். மதர் சொன்ன வார்த்தையையே பெருமையாகச் சொன்னேன், "பிரான்சுல நாடகத்துக்கு அசிஸ்தே பண்ணப் போயிருக்குது" என்று. நம் ஊரில் கல்யாணத்துக்கும் அசிஸ்தே பண்ணுகிறோம், கருமாதிக்கும் பண்ணுகிறோம். அவரோ தாலுக்கா ஆபீசில் இங்கிலீஷ் எழுதுகிறவர், அவர் காதில் அது இங்கிலீஷ் அசிஸ்டாக விழுந்துவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நாடகக் கம்பெனிக்கு ஒத்தாச பண்ணவா பொட்டப்புள்ளய அனுப்புனீங்க?"

அது பிரெஞ்சு, போய் உட்கார்ந்து பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்வது என்றேன். வெள்ளைக்காரன் போயும் அவன் பாஷையை வைத்தே சமாளிக்கிறீர்களே என்று சிரித்துவிட்டுப் போனார். மதரோ உங்களோடு. பள்ளிக்கூடத்தில் வேறொரு கன்னியாஸ்திரியிடம் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். பள்ளிக்கூடத்துக்காரி பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுப்பாளா என்கிறார். குருசுக்குப்பம் வரைக்கும் பேச்சு, வைத்திலிங்கம் மகள் கூத்தாடப் போய்விட்டாளாம்.

மண்டியில் எப்பேர்ப்பட்டவனையும் மடக்குவேன். இதில் எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை.

அப்பா


மார்சேய்
28-7-1960

அப்பா,

நாளை கப்பல் ஏறுகிறோம். அவருக்குப் பிரெஞ்சு தெரியுமே. அந்த வார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தானே. பெரியப்பாவிடம் அவர் ஒரு தடவை சொன்னால் தீர்ந்தது. ஏன் அவரைக் கேட்காமல் இருக்கிறீர்கள்? கேளுங்கள். பதிலைப் பம்பாய்க் கப்பல் ஏஜெண்டு விலாசத்துக்குப் போடுங்கள். மற்றவர்கள் சாமான் வாங்கப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

அமிர்தம்


புதுச்சேரி
8-8-1960

என் கண்ணு அமிர்தத்துக்கு,

கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியில் நிறுத்திக் கேட்டேன். சைக்கிள் மணியை விரலால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அர்த்தம் எனக்குத் தெரியும் மாமா. பெரியப்பா வூட்டுல சொல்லிச் சிரிச்சப்பவே தெரியும். தலயக் குனிஞ்சிக்கினேன். இப்பப் போயி சொன்னா, இத்தினி நாளு ஏன்டா சொல்லலன்னு கேப்பாரு."

தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லலாம். தெரிந்து வாயை மூடிக்கொண்டவனுக்கு நான் எதைச் சொல்ல? திட்டக்கூட வரவில்லை. என்னைவிடப் பாவமாக நின்றார். அதே முகூர்த்தத்தில் அவருக்கு வேறு பெண் பேசி முடித்துவிட்டார்கள்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லை, எழுதுகிறேன். மதர் பக்கத்தில் இருக்கும்போது படி. அழுவதானால் பம்பாயிலேயே அழுது முடித்துவிடு, கண்ணு. இங்கே ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்க்கவே ஜனம் நிற்கும். விழுப்புரம் ஜங்ஷனில் நான் மட்டும் வந்து உன்னோடு ஏறிக்கொள்கிறேன். நம் ஊர் வந்ததும் நீ உள்பக்கமாக நகர்ந்துகொள். ஜன்னலோரம் நான் உட்காருகிறேன்.

வேறொன்றும் என்னால் ஆகவில்லை.

அப்பா