நான் அளந்த பூனைக் கதை

பாப்பாவுக்கு,

நேற்று உன் வீட்டுக்கு வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறால் உரித்தாய். "இன்னா பாப்பா, சினிமாக்காரி ஆயிட்டியா?" என்று சிரித்தேன். "கண்ணு வலி நைனா" என்றாய். பஸ் திருப்பாலைவனம் தாண்டிய பிறகுதான் அது வலிக்கு இல்லை, உன் பச்சைக் கண்ணை மறைக்க என்று இந்த மரமண்டைக்கு உறைத்தது.

கல்யாணப் பந்தியில் பழைய பேய்ப்படக் கதையை அளந்தவன் நான்தானே. மணப்பெண் பூனையாக மாறிப் புருஷனைக் கடிப்பாள், என் மகளுக்கும் அதே பச்சைக் கண் என்றேன். உன் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம் மாப்பிள்ளை படகில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார், பழி உன் கண் மேல் விழுந்துவிட்டது.

"தமாஷுக்குச் சொன்னேன் சம்பந்தி" என்று ராத்திரியே உன் மாமியாரிடம் போனில் கெஞ்சினேன். "பெத்தவரே சொன்னீங்களே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, அது நான் அளந்த கதை என்று தெருவே கேட்கச் சொல்கிறேன். எனக்கும் அதே பச்சைக் கண்தான். ஐம்பது வருஷமாக என்னை ஒருத்தரும் பூனை என்றதில்லை. அப்படியும் உன் மாமியார் நம்பாவிட்டால் என்னோடு கிளம்பிவிடு.

வாய்க்கொழுப்பெடுத்த உன் நைனா